நின்ற இயந்திரமும் காத்திருக்கும் இயந்திரமும்

(நமது ஜமாஅத்தின் கல்விக் குழு ஏற்பாடு செய்த தொழிற்கல்வி வழிகாட்டும் நிகழ்ச்சியில், தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற நமதூர்ச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

      

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று எடுத்துரைக்கும்படி என்னைக் கேட்டுக் கொண்டார்கள். அதைப் பற்றிப் பேச இம்மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, நிர்வாகிகளின் அனுமதியுடன் நான் பிள்ளைகளைப் பற்றியல்ல, பிள்ளைகளின் தந்தையரைப் பற்றியும் அண்ணன்மாரைப் பற்றியும் பேச விரும்புகிறேன். அதாவது, பத்து ஆண்டுகளாக, இருபது ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளில் எலக்ட்ரீஷியனாக, ஃபிட்டராக, ஆப்பரேட்டராகப் பணியாற்றிக் கொண்டிருக்கும் நம் சகோதரர்களைப் பற்றி.

நமதூரில் இத்தகையோர் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பகுதிகளில் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். இவர்களுக்கு வேலை தெரியும். ஆனால் இவர்கள் கற்ற காலத்து இயந்திரம் வேறு. இன்று இவர்கள் முன் நிற்கும் இயந்திரம் வேறு. இந்த இடைவெளியால் என்ன நேரும் என்பதற்கு என் வாழ்விலிருந்தே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அது எனக்குப் பெருமை தரும் செய்தியன்று. எனினும் சொல்ல வேண்டியது கடமை என்று கருதுகிறேன்.

என் கையால் நேர்ந்த பிழை

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் தேறி, ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். மோட்டார், ஸ்டார்ட்டர், காண்டாக்டர், ரிலே, டைமர் ஆகியவை எனக்கு அத்துப்படி. சத்தத்தைக் கேட்டே எந்தக் காண்டாக்டர் பழுதாகியிருக்கிறது என்று சொல்வேன். 1997ஆம் ஆண்டு எங்கள் தொழிற்சாலைக்கு அட்டைப் பெட்டிகளில் பொருளை அடுக்கிக் கட்டும் தானியங்கி இயந்திரம் ஒன்று வந்தது. அதன் மின்பெட்டியைத் திறந்தால் எனக்குப் பழக்கமான ரிலே வரிசை இல்லை. செங்கல் அளவுள்ள ஒரு கருவியும், அதில் மினுக்கும் சிறு சிறு விளக்குகளுமே இருந்தன. அதுதான் பி.எல்.சி. எனப்படும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி.

மறு ஆண்டு ஒரு நாள் அந்த இயந்திரம் அடிக்கடி நிற்கத் தொடங்கியது. அதன் பாதுகாப்புக் கதவு மூடியிருந்தும், திறந்திருப்பதாக எச்சரிக்கை வந்தது. அனுப்ப வேண்டிய சரக்கு தேங்கிக் கிடந்தது. மேலதிகாரிகள் சுற்றி நின்றார்கள். கதவின் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று நான் முடிவு செய்தேன். அந்த சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்து விட்டேன். நம் தொழிலில் இதை 'ஜம்பர் போடுவது' என்போம். இயந்திரம் ஓடியது. எல்லாரும் பாராட்டினார்கள். புதிய சுவிட்ச் வந்ததும் மாற்றி விடலாம் என்பது என் எண்ணம். பதினொரு நாள்கள் கடந்தன.

பன்னிரண்டாம் நாள் இரவுப் பணியில் ஒரு பெட்டி நடுவே சிக்கிக் கொண்டது. இயந்திரம் அசைவற்றிருந்தது. இருபது வயது உதவியாளர் ஒருவர் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, சிக்கிய பெட்டியை இழுத்தார். பெட்டி விலகிய அந்தக் கணத்தில் பெட்டியைத் தள்ளும் காற்று உருளை முன்னே பாய்ந்தது. அந்த இளைஞரின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

ஏன் அப்படி நடந்தது? பெட்டி செல்லும் வழியை ஓர் ஒளி உணரி பார்த்துக் கொண்டிருந்தது. வழி அடைபட்டிருக்கும்வரை தள்ளாதே, வழி திறந்ததும் தள்ளு என்பது நிரலில் எழுதப்பட்ட கட்டளை. பெட்டி விலகியதும் வழி திறந்தது; இயந்திரம் தன் கட்டளையை நிறைவேற்றியது. கதவு திறந்திருந்தால் எதுவும் அசையக் கூடாது என்ற கட்டளையும் அதற்கு இருந்தது. ஆனால் கதவு எப்போதும் மூடியே இருக்கிறது என்று என் ஜம்பர் வயர் அதனிடம் பொய் சொல்லிக் கொண்டிருந்தது.

நான் பழகிய பழைய இயந்திரம் நின்றால், அது நின்றதுதான். யாராவது பொத்தானை அழுத்தினால் ஒழிய அசையாது. இந்தப் புதிய இயந்திரமோ நிற்கவில்லை, காத்திருந்தது. நின்ற இயந்திரத்திற்கும் காத்திருக்கும் இயந்திரத்திற்கும் வெளித்தோற்றத்தில் எவ்வித வேறுபாடும் இல்லை. அறிந்தவன் கண்ணுக்கே அது தெரியும். அந்த இளைஞருக்கும் அது தெரியாது. பொறுப்பில் இருந்த எனக்கும் தெரியாது.

பின்னர் இயந்திரத்தைப் பரிசோதிக்க வந்த பொறியாளர் அதிகபட்சம் ஐந்து நிமிடம் எடுத்துக் கொண்டிருப்பார். பி.எல்.சி.யின் உள்ளீட்டு விளக்கைப் பார்த்தபடியே கதவின் கேபிளை மெல்ல அசைத்தார். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. சுவிட்ச் நன்றாகவே இருந்தது. இணைப்பான் ஒன்று தளர்ந்திருந்தது. அவ்வளவே. அந்த விளக்கைப் படிக்க எனக்குத் தெரிந்திருந்தால் ஜம்பர் போட்டிருக்க மாட்டேன். அந்த இளைஞரின் விரல்களும் இருந்திருக்கும். இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று அன்று நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21ஆம் பிரிவில் வலியுறுத்தியிருந்தது. சட்டம் தெரியாததல்ல என் குறை. இயந்திரம் தெரியாததே என் குறை.

அந்தச் சகோதரருக்கு நிர்வாகம் கிடங்கில் வேறு பணி கொடுத்தது. இன்றும் அவரைச் சந்திக்கிறேன். அவர் என்னைக் குறை கூறியதே இல்லை. அதுவே எனக்குப் பெரும் பாரம். அதற்கடுத்த ஆண்டு, விடுப்பெடுத்து, அரசு நிறுவனம் ஒன்றில் இரு வாரக் குறுகிய காலப் பயிற்சியில் சேர்ந்தேன். வகுப்பில் வயதில் மூத்தவன் நான்தான்.

இரண்டு துறைகள் ஒன்றான கதை

இப்பயிற்சியின் பெயர் மெக்கட்ரானிக்ஸ். இயந்திரவியலையும் மின்னணுவியலையும் குறிக்கும் இரு சொற்களை ஒட்டி உருவாக்கிய பெயர் இது. ஜப்பானின் யாஸ்காவா நிறுவனப் பொறியாளர் டெட்சுரோ மோரி 1969ஆம் ஆண்டு இச்சொல்லை உருவாக்கினார். முதலில் அந்நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்த இச்சொல், பின்னர் அவ்வுரிமை கைவிடப்பட்டதால் உலகப் பொதுச் சொல்லாயிற்று. இயந்திரம், மின்சாரம், மின்னணுவியல், காற்றழுத்தம், கணினி நிரல் ஆகிய ஐந்தையும் ஒரே உடம்பாகக் கருதிக் கற்பதே இதன் சாரம்.

முன்பு ஃபிட்டர் வேறு, எலக்ட்ரீஷியன் வேறு. "இது மெக்கானிக்கல் கோளாறு" என்று ஒருவர் சொல்வார். "இல்லை, எலக்ட்ரிகல் கோளாறு" என்று மற்றவர் சொல்வார். இயந்திரம் நின்று கொண்டிருக்கும். ஜெர்மனி நாட்டில் 1998ஆம் ஆண்டு 'மெக்கட்ரானிக்கர்' என்ற புதிய தொழிற்பிரிவை அரசே அங்கீகரித்து, மூன்றரை ஆண்டுப் பயிற்சியாக வகுத்தது. நம் நாட்டிலும் தொழிற்பயிற்சி நிலையங்களில் 'டெக்னீஷியன் மெக்கட்ரானிக்ஸ்' என்ற ஈராண்டுப் பிரிவு உள்ளது. உலகத் தொழில்திறன் போட்டிகளில் மெக்கட்ரானிக்ஸ் பிரிவில் இருவர் சேர்ந்த அணியாகவே போட்டியிடுகிறார்கள். இவ்வேலையின் இயல்பே அதுதான்.

நம் பகுதித் தோல் தொழிலையே எடுத்துக் கொள்ளுங்கள். தோலுக்கு வண்ணம் தெளிக்கும் இயந்திரத்தில், பட்டையின் மீது வரும் தோலின் வடிவத்தை உணரிகள் வரிசையாகப் படிக்கின்றன. தோல் இருக்கும் இடத்தில் மட்டுமே தெளிப்பான் திறக்கிறது. இல்லாத இடத்தில் மூடிக் கொள்கிறது. உணரி அழுக்கடைந்தால் வண்ணம் வீணாகும், அல்லது தோல் வெளுத்து வரும். தோல் ஊறும் பெரிய டிரம் எவ்வளவு நேரம் வலமாகச் சுழல வேண்டும், எவ்வளவு நேரம் இடமாகச் சுழல வேண்டும், எப்போது நீர் வர வேண்டும், எந்த வெப்பத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் பல தொழிற்சாலைகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வசம் சென்றுவிட்டன. எனவே இது எங்கோ கார் தொழிற்சாலையின் விவகாரம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நமக்காகவே திறந்து வைக்கப்பட்ட வாசல்

பி.எல்.சி. என்றதும் நம் சகோதரர்கள் பலர், "அது இன்ஜினியர்கள் வேலை, கம்ப்யூட்டர் படித்தவர்கள் வேலை" என்று ஒதுங்கிக் கொள்கிறார்கள். இது பெருந்தவறு. அதன் வரலாறே இதற்கு மறுப்பு.

1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு தேவையை அறிவித்தது. கார் மாதிரி மாறும்போதெல்லாம் ரிலே பெட்டிகளைப் பிரித்து மீண்டும் வயரிங் செய்வதில் காலமும் பணமும் வீணாகின்றன. வயரிங்கை மாற்றாமல் செயல்முறையை மட்டும் மாற்றக் கூடிய கருவி வேண்டும் என்று கேட்டது. டிக் மார்லி என்பவரும் அவருடைய பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் குழுவினரும் உருவாக்கிய கருவி 1969இல் வந்தது. அது அவர்களுடைய 84ஆவது திட்டம் என்பதால் 'மோடிகான் 084' என்று பெயர் பெற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கருவிக்குக் கட்டளை எழுதக் கணினி அறிஞர்களின் மொழியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தொழிற்சாலை எலக்ட்ரீஷியன்கள் நாள்தோறும் பார்த்துப் பழகிய ரிலே வரைபடத்தையே மொழியாக்கினார்கள். இரு பக்கமும் இரண்டு நிமிர்ந்த கோடுகள்; இடையில் ஏணிப் படிகள்போல் வரிசைகள். ஆதலால் அதற்கு 'லேடர்', அதாவது ஏணி வரைபடம் என்று பெயர். 1993இல் வெளிவந்த ஐ.இ.சி. 61131-3 என்ற பன்னாட்டுத் தரநிர்ணயத்திலும் ஏணி வரைபடம் இடம்பெற்றது. இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. ஏற்கெனவே வேலையில் இருப்பவன் மீண்டும் கல்லூரிக்குச் செல்லாமலே கற்றுக் கொள்ள வேண்டும் என்று நமக்காகவே திறந்து வைக்கப்பட்ட வாசல் அது. அந்த வாசலைக் கண்டு நாமே அஞ்சி நிற்பது எவ்வகையில் நியாயம்?

பழைய அறிவு உதவும் இடமும் இடறும் இடமும் எவை என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். 'நிறுத்து' பொத்தானை ரிலே வரைபடத்தில் மூடிய தொடர்பாக வரைவோம். பி.எல்.சி. நிரலிலோ அதே பொத்தான் திறந்த தொடர்பின் குறியீட்டால் எழுதப்பட்டிருக்கும். பயிற்சியில் நான் குழம்பிப் போன இடம் இது. விளக்கம் எளிது. பொத்தானின் மூடிய தொடர்பு வழியாக மின்சாரம் எப்போதும் உள்ளீட்டிற்கு வந்து கொண்டிருக்கிறது. நிரல், "மின்சாரம் வருகிறதா?" என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கான குறியீடுதான் திறந்த தொடர்பு. வந்தால் ஓடு, வராவிட்டால் நில். பொத்தானை அழுத்தினாலும் மின்சாரம் வராது. வயர் அறுந்தாலும் வராது. இரண்டு நிலையிலும் இயந்திரம் நின்றுவிடும். பழுதானாலும் பாதுகாப்பின் பக்கமே சாய வேண்டும் என்ற பழைய பாடமே இங்கும் இருக்கிறது. எழுதும் முறை மட்டுமே மாறியிருக்கிறது.

கற்க வேண்டியவை

பணியிலிருக்கும் ஒருவருக்கான பயிற்சியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பாதுகாப்பு. சக்தி வழிகள் அனைத்தையும் துண்டித்து, பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக் கொண்டு, அட்டை தொங்கவிட்ட பின்னரே கை வைக்க வேண்டும். மின்சாரத்தை மட்டும் துண்டித்தால் போதாது. காற்றையும் வெளியேற்ற வேண்டும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய காற்று உருளை, 6 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 120 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியில் 415 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாக மாறி ஏறத்தாழ 580 வோல்ட்டுக்கும் மேல் தேங்கி நிற்கும். சுவிட்சை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் அது உயிருடன் இருக்கும். கருவியின் மேல் எழுதப்பட்டுள்ள நேரம் காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்த பின்பே தொட வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானையும் பாதுகாப்புக் கதவையும் சாதாரண நிரலின் பொறுப்பில் விடாமல், அதற்கெனவே உள்ள இரட்டை வழிப் பாதுகாப்பு ரிலே வழியாக இணைக்க வேண்டும்.

இரண்டாவது, உணரிகள். மூன்று வயர் உணரியில் பழுப்பு நிறம் 24 வோல்ட், நீலம் பூஜ்யம், கறுப்பு செய்தி. செய்தி நேர்மின்னாக வந்தால் பி.என்.பி. வகை, எதிர்மின்னாக வந்தால் என்.பி.என். வகை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டிவிட்டு, "புது உணரியும் கெட்டுப் போய்விட்டது" என்று குப்பையில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது, அளவுச் செய்தி. வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் ஆகியவற்றைக் கருவிகள் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புகின்றன. பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 4இலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? பூஜ்யமே குறைந்த அளவாக இருந்தால், தொட்டி காலியா, வயர் அறுந்ததா என்று பிரித்தறிய முடியாது. 4 வந்தால் தொட்டி காலி. ஒன்றுமே வராவிட்டால் வயர் அறுந்தது. பூஜ்யம் முதல் 100 டிகிரி வரை அளக்கும் கருவியில் 12 மில்லி ஆம்பியர் வந்தால் 50 டிகிரி. 8 வந்தால் 25 டிகிரி. பள்ளிக் கணக்கு போதும். இந்த ஒரு பாடத்தை நன்கு அறிந்தவருக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலும் கருவிப் பராமரிப்புப் பணியின் மொழி பாதி விளங்கிவிடும். வளைகுடா செல்ல எண்ணும் இளைஞர்கள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

நான்காவது, பி.எல்.சி. அது உள்ளீடுகளை எல்லாம் படிக்கிறது, நிரலை மேலிருந்து கீழாகச் செயல்படுத்துகிறது, வெளியீடுகளை மாற்றுகிறது, மீண்டும் படிக்கிறது. சில மில்லி விநாடிகளுக்கு ஒரு சுற்று வீதம் ஓயாமல் சுற்றி வருகிறது. இதை மனத்தில் வாங்கிக் கொண்டால் மற்றவை பழக்கத்தால் வந்துவிடும்.

ஐந்தாவது, இவை அனைத்திற்கும் மேலாக, பழுது கண்டறியும் ஒழுங்குமுறை. உருளை நகரவில்லை என்றால் முதலில் பி.எல்.சி.யின் வெளியீட்டு விளக்கைப் பாருங்கள். அது எரிந்தால் மூளை தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு வெளியே இருக்கிறது. வால்வின் சுருள், காற்று, உருளை என்று தேடுங்கள். எரியாவிட்டால், எந்த உள்ளீட்டுக்காக அது காத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே பார்வையில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். 'எது கெட்டது?' என்று கேட்பது பழைய பழக்கம். 'இது எதற்காகக் காத்திருக்கிறது?' என்று கேட்பதே புதிய பழக்கம். 1998இல் நான் கேட்கத் தவறிய கேள்வியும் அதுவே.

எங்கே கற்கலாம்?

பணியிலிருப்போருக்கான உயர்நிலைப் பயிற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. ஐ.நா. வளர்ச்சித் திட்டம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் உதவியுடன் சென்னையில் 1968ஆம் ஆண்டே மத்திய அரசின் உயர்நிலைப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அந்த வெற்றியைக் கண்டு, 1977இல் நாட்டின் பிற நகரங்களுக்கும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. இத்தகைய நிலையங்கள் இப்போது தேசியத் திறன் பயிற்சி நிறுவனங்கள் என்ற பெயரில் இயங்குகின்றன. சென்னையில் அது கிண்டியில் உள்ளது. ஹைதராபாத் ராமந்தாபூரில் உள்ள நிறுவனம், மின்னணுவியலுக்கும் தொழிற்சாலைக் கருவியியலுக்கும் என்றே 1974இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தொடங்கப்பட்டதாகும். அதே நகரின் பாலாநகரில் 1968 முதல் இயங்கும் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனமும் இத்துறையில் பயிற்சி அளிக்கிறது.

தமிழக அரசு 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை 'தொழில் 4.0' தரத்திலான தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தியது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 2,877.43 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்ட திட்டம் இது; 2023ஆம் ஆண்டு ஜூலையில் ஒரகடத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. ரோபோ, தானியங்கிக் கட்டுப்பாடு ஆகியவற்றிற்கான புதிய பாடப் பிரிவுகள் அங்கு வந்துள்ளன. நம் பிள்ளைகளைச் சேர்ப்பதோடு நின்றுவிடாமல், பணியிலிருப்போருக்குக் குறுகிய கால வகுப்புகள் எவை, எப்போது என்று அருகிலுள்ள நிலையத்தின் முதல்வரைக் கல்விக் குழுவினர் நேரில் சந்தித்துக் கேட்க வேண்டும். கேட்பவர்களுக்கே கதவு திறக்கும். சான்றிதழ் இல்லாமல் அனுபவத்தால் மட்டுமே தொழில் கற்றவர்களுக்கு, முன்கற்றலை அங்கீகரித்துச் சான்று வழங்கும் முறையும் உண்டு. இதைப் பலர் அறியாதிருக்கிறார்கள்.

கணினி வைத்திருப்போர் வீட்டிலிருந்தும் தொடங்கலாம். கோடிசிஸ், ஓப்பன் பி.எல்.சி. போன்ற மென்பொருள்களைக் கட்டணமின்றிப் பெற்று, கருவி இல்லாமலேயே ஏணி வரைபடம் எழுதிப் பழகலாம். ஆனால் திரையில் மட்டும் கற்றவர் தளர்ந்த வயரைக் கண்டுபிடிக்க மாட்டார். கை அழுக்காகாமல் இத்தொழில் வராது.

தடையாக நிற்பவை

நம் சகோதரர்கள் சேராததற்குக் காரணங்களை நான் அறிவேன். ஷிப்ட் வேலை வாரந்தோறும் மாறும். பயிற்சிக்குச் சென்றால் ஓவர்டைம் போய்விடும். அந்தப் பணத்தில்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கும். கருவிகளின் கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கும். இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது வெட்கம். இருபது ஆண்டுகளாக 'மிஸ்திரி' என்று மரியாதையுடன் அழைக்கப்பட்டவர், இருபத்திரண்டு வயதுப் பையனின் முன் மாணவனாக உட்கார வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு அது எவ்வளவு கசந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கசப்பு இரண்டு நாள். அறியாமையின் விலையை நான் இன்றும் கொடுத்துக் கொண்டிருக்கிறேன்.

பயிற்சி அளிப்போரும் ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குக் கோட்பாட்டிலிருந்து தொடங்கலாம். பணியாளருக்குப் பழுதிலிருந்து தொடங்க வேண்டும். "உங்கள் தொழிற்சாலையில் சென்ற வாரம் எது நின்றது?" என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கினால், அவரே பாதி ஆசிரியராகி விடுவார்.

நாம் செய்யக் கூடியது

இறுதியாக, ஜமாஅத்தின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். பெரிய கட்டடமோ பெரிய செலவோ வேண்டாம். ஓர் அறை, நான்கு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிறிய பி.எல்.சி., 24 வோல்ட் மின்வழங்கி, சில பொத்தான்கள், விளக்குகள், இரண்டு உணரிகள், ஒரு காண்டாக்டர், சிறிய காற்று உருளை, வால்வு. நான்கு மேசைகளுக்கும் பொதுவாக ஒரு சிறு மோட்டார், ஒரு வி.எஃப்.டி., ஒரு காற்றழுத்தி. தொழிற்சாலைகளில் கழித்துக் கட்டப்பட்ட கருவிகளே பாதித் தேவையை நிறைவு செய்யும். ஒரு மேசைக்கு இருவர். ஒருவர் ஃபிட்டர், மற்றவர் எலக்ட்ரீஷியன். ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம். இருபத்து நான்கு வாரங்கள். ஆக எழுபத்திரண்டு மணி நேரம். ஷிப்டால் ஒரு வகுப்பைத் தவற விட்டவருக்கு அதே பாடத்தை வார நாளில் ஒரு முறை மீண்டும் நடத்தலாம். முதல் மாதம் முழுவதும் பாதுகாப்பும் அளவீடும். கடைசி மாதம் முழுவதும் வேண்டுமென்றே பழுது வைத்து, கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற என் போன்றோர் ஊதியமின்றிக் கற்பிக்க ஆயத்தமாக இருக்கிறோம். பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இதில் சேர எந்த மதத்தவருக்கும் தடை இருக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள். விரலை இழந்த அந்தச் சகோதரர் எந்தச் சமயத்தவர் என்று இயந்திரம் கேட்கவில்லை.

நான் கற்று முடித்துத் திரும்பியதும் செய்த முதல் வேலை, அந்த இயந்திரத்தின் மின்பெட்டிக்குள் ஒரு அட்டை ஒட்டியதுதான். "இது நின்றிருக்கவில்லை, காத்திருக்கிறது. பூட்டிய பின் கை வை" என்று தமிழில் எழுதியிருந்தேன். நான் ஓய்வு பெறும்வரை அந்த அட்டை அங்கேயே இருந்தது. ஓர் அட்டையால் செய்ய முடிந்தது அவ்வளவே. மற்றதை மனிதர்களின் அறிவுதான் செய்ய வேண்டும்.

மேசைகளுக்கான பட்டியலை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். கல்விக் குழுவின் செயலாளரிடம் கொடுத்துச் செல்கிறேன். விரும்புவோர் தங்கள் பெயரையும், எந்த ஷிப்டில் இருக்கிறார்கள் என்பதையும் அதன் பின்பக்கத்தில் எழுதிச் செல்லுமாறு கேட்டுக் கொள்கிறேன்.